'ஆண்டிகனி' படித்தேன், எனக்கு இஸ்மீனைத்தான் பிடித்தது. தப்பா?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்கிளீஸ் எழுதிய 'ஆண்டிகனி' எங்களுக்குப் பாடம். படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியதோ அதை ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள், கைடு பார்க்கக் கூடாது என்று எங்கள் சார் சொல்லியிருக்கிறார். வகுப்பில் எல்லோரும் ஆண்டிகனியைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. தங்கை இஸ்மீனிடம் அவள் பேசுகிற பேச்சைத் தாங்க முடியவில்லை. 'நீ வாழ்வைத் தேர்ந்தெடுத்தாய், நான் சாவை' என்று சொல்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் அக்கா வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவளோடு யாரும் பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். 'நீ அப்பா பக்கம்தானே' என்று அக்கா ஒருமுறை போனில் கேட்டாள். அதற்கப்புறம் நானும் பேசவில்லை. இதனால்தான் எனக்கு இப்படித் தோன்றுகிறதா? கதாநாயகியைப் பிடிக்கவில்லை என்று எழுதினால் நாடகம் புரியவில்லை என்று நினைப்பார்களா? என் வீட்டுக் கதையை எழுதலாமா? 'நான்' என்று எழுதலாமா? இஸ்மீன் உயிர் பிழைத்துவிட்டாள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

எழுதுங்கள். கோபம் வந்தது என்றே எழுதுங்கள். நாடகத்தை மேலோட்டமாகப் புரட்டியவர்களுக்கு அந்த இடத்தில் கோபம் வராது. அவர்கள் ஆண்டிகனியின் பெரிய வசனங்களைத் தேடிப் போயிருப்பார்கள்.

உங்கள் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாதி உங்கள் வீட்டிலிருந்து வந்திருக்கலாம். மறுபாதியை அங்கே வைத்தவர் சோஃபோக்கிளீஸ்தான். கதை நகர்வதற்கு இஸ்மீன் முதல் காட்சியில் வந்தாலே போதும். அண்ணன் பாலினைசீஸின் உடலை யாரும் புதைக்கக் கூடாது என்று தீப்ஸ் நகரத்தின் அரசன் கிரியோன் ஆணை போட்டிருக்கிறான், நான் புதைக்கப் போகிறேன் என்று ஆண்டிகனி சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இஸ்மீன். அப்புறம் நடப்பதெல்லாம், அதாவது கைது, கிரியோனின் மகனும் ஆண்டிகனிக்கு நிச்சயித்தவனுமான ஹீமோன் அப்பாவிடம் வாதாடுவது, தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரிப்பது, அடுத்தடுத்த சாவுகள் எல்லாம், அவள் இல்லாமலே நடந்துவிடும். ஆனாலும் நாடகத்தின் நடுவில் அவளை மறுபடியும் கொண்டுவந்து அக்கா முன்னால் நிறுத்துகிறார். எதற்கு? உங்கள் ஐந்து பக்கமும் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருந்தால்கூட எனக்குப் போதும் என்று தோன்றும்.

நீங்கள் புத்தகத்தை மூடிய அந்தக் காட்சியைத் திறந்து, இந்தத் தடவை மெதுவாகப் படியுங்கள். கிரேக்க மூலத்தில் 526 முதல் 581 வரையிலான வரிகள். அவள் வருவதற்கு முன்பே கிரியோன் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறான்: வீட்டுக்குள் அவள் புத்தி பேதலித்தவள் மாதிரி இருந்ததை இப்போதுதான் பார்த்தேன் என்று. ஆக, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே அவள் உள்ளே தவித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே வரும்போது, ஊர்ப் பெரியவர்களின் குழுவான கோரஸ் அவள் முகத்தை வர்ணிக்கிறது. புருவத்தின் மேல் மேகம் கவிந்திருக்கிறது, கன்னம் சிவந்து நனைந்திருக்கிறது, அது கூடப்பிறந்தவளுக்காக வடிக்கும் கண்ணீர். கிரியோன் கண்ணுக்கு அவள் வீட்டுக்குள் பதுங்கியிருந்து ரத்தம் குடித்த விரியன் பாம்பு. 'நீயும் இந்த அடக்கத்தில் பங்கு என்று ஒப்புக்கொள்கிறாயா, இல்லை ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்வாயா?' என்று கேட்கிறான்.

தப்பிக்க வழி திறந்துதான் இருக்கிறது. அவள் மண் அள்ளிப் போடவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். அவளோ, 'நானும்தான் செய்தேன், இவள் சம்மதித்தால். பழியில் எனக்கும் பங்கு உண்டு' என்கிறாள்.

அந்த 'இவள் சம்மதித்தால்' என்பதைக் கவனியுங்கள். சாவதற்குக்கூட அவள் அக்காவிடம் அனுமதி கேட்கிறாள். ஆண்டிகனி கொடுக்கவில்லை. 'நீ விரும்பவும் இல்லை, நான் உன்னைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. வாயால் மட்டும் அன்பு காட்டுகிறவளை எனக்குப் பிடிக்காது' என்கிறாள். 'நீ இல்லாமல் எனக்கு என்ன வாழ்க்கை?' என்று இஸ்மீன் கேட்கும்போது வருகிறதே ஒரு பதில்: 'கிரியோனைக் கேள். அவன் மேல்தானே உனக்கு அக்கறை.'

நீங்கள் புத்தகத்தை மூடியது 555-ஆம் வரியில். உங்களைக் குத்தியது ஆறு வரி முன்னால் இருக்கும் இதுவாக இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் அக்கா போனில் கேட்டதும் இதைத்தான். ஊகம் தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். சரியாக இருந்தால், எழுதத் தொடங்க வேண்டிய இடம் அது.

இஸ்மீனைக் கோழை என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்கள் முதல் காட்சியை அவசரமாகப் படித்தவர்கள். விடியும் முன், வேறு யார் காதிலும் விழக் கூடாது என்று ஆண்டிகனி அவளை அரண்மனை வாசலுக்கு வெளியே கூட்டிவந்து பேசுகிற காட்சி அது. இஸ்மீன் தன் வீட்டுச் சாவுகளை வரிசையாகச் சொல்கிறாள். அப்பா தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டு அழிந்தார். அம்மா தூக்கில் தொங்கினாள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நாளில் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். மிச்சம் நாம் இரண்டே பேர், நாமும் போக வேண்டுமா என்று கேட்கிறாள். நாம் பெண்கள், ஆண்களோடு மோதப் பிறந்தவர்கள் இல்லை என்றும் சொல்கிறாள். இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவளைத் திட்டுவார்கள். நாடகம் முதலில் நடந்தது கி.மு. 441 வாக்கில், ஏதென்ஸில். அந்த ஊர்ச் சட்டப்படி ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுக்க ஓர் ஆண் பாதுகாவலன் வேண்டும். அவளாக நீதிமன்றத்தில் நின்று வழக்காட முடியாது. இந்தச் சகோதரிகளுக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. பாதுகாவலனாக மிச்சம் இருப்பவன் தாய்மாமன் கிரியோன். ஆணை போட்டவனும் அவன்தான். மீறினால் ஊர் கூடிக் கல்லால் அடித்துக் கொல்வது தண்டனை. இஸ்மீன் பேசியது தன் நிலைமையைச் சரியாகக் கணக்குப் போட்ட பேச்சு. அது போக, மண்ணுக்கு அடியில் இருப்பவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறாள். செய்ய வேண்டியது எது என்று தெரியாதவள் எதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறாள்?

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பல வருடம் வகுப்பில் சொல்லியும் இன்னும் அலுக்கவில்லை. அந்தக் காலத்தில் பேசுகிற பாத்திரங்கள் அத்தனையையும் மூன்றே ஆண் நடிகர்கள், முகமூடியை மாற்றி மாற்றி நடித்தார்கள். ஆண்டிகனியைக் காவலன் பிடித்துவரும் காட்சியில் மேடையில் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். கிரியோன், ஆண்டிகனி, காவலன். மூன்று பேரும் தீர்ந்துபோனார்கள். காவலன் போகிறான். மற்ற இரண்டு பேரும் மேடையை விட்டு நகரவே இல்லை. அப்போது இஸ்மீன் வருகிறாள். அப்படியென்றால் காவலனாக நடித்தவர்தான் உள்ளே போய் முகமூடி மாற்றிக்கொண்டு இஸ்மீனாக வந்திருக்க வேண்டும். போவதற்கு முன் காவலன் என்ன சொன்னான்? தான் தப்பித்தது சந்தோஷம், வேண்டியவர்களை மாட்டிவிடுவது வேதனை, ஆனாலும் தன் உயிரை விட இதெல்லாம் பெரிதில்லை என்றான். அதே தொண்டை, கொஞ்ச நேரத்தில், 'நானும்தான் செய்தேன்' என்கிறது. பார்த்துக்கொண்டிருந்த ஏதென்ஸ்காரர்களுக்குக் குரல் அடையாளம் தெரிந்திருக்குமோ என்னவோ, வாசிக்கிற நமக்கு இது தெரிந்த பிறகு இஸ்மீனின் அந்த ஒரு வரியின் எடை கூடிவிடுகிறது.

சரி, இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனி ஆண்டிகனி பக்கம். இந்தப் பகுதியை விட்டுவிட்டு நீங்கள் எழுதினால் அது வெறும் புகார்க் கடிதமாகிவிடும்.

'இப்படி என்னை நோகடிப்பதில் உனக்கு என்ன கிடைக்கிறது?' என்று இஸ்மீன் கேட்கிறாள். உங்கள் கேள்வியும் அதுதானே? அதற்கு ஆண்டிகனியின் பதிலைக் கோபத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள். 'உன்னைப் பார்த்து நான் சிரித்தேன் என்றால், வலியோடுதான் சிரிக்கிறேன்' என்கிறாள் (551-ஆம் வரி). அடுத்து, இப்போதாவது உனக்கு என்ன உதவி செய்யட்டும் என்று தங்கை கேட்க, 'உன்னைக் காப்பாற்றிக்கொள். நீ தப்பிப்பதில் எனக்குப் பொறாமை இல்லை' என்கிறாள். 'தைரியமாக இரு. நீ உயிரோடு இருக்கிறாய். என் உயிர் எப்போதோ செத்துவிட்டது' என்பதும் அவள் சொல்வதுதான். எதிரே கிரியோன் நிற்கிறான் என்பதை மறக்காதீர்கள். இஸ்மீன் கூட்டாளி என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அந்த முடிவை உடைக்க ஆண்டிகனி கையில் இருப்பது ஒன்றுதான்: இவளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவன் காதில் விழும்படி கத்துவது. மென்மையாகச் சொன்னால் நம்ப மாட்டான். தங்கையை அறுத்து எறிந்தால்தான் தங்கை பிழைப்பாள். இப்படிப் படிக்கிறவர்களும் நிறையப் பேர். பின்னால் கோரஸ் தலைவர், 'இரண்டு பேரையுமா கொல்லப் போகிறாய்?' என்று கேட்கும்போது, 'தொடாதவளை இல்லை, நீ சொல்வது சரி' என்று கிரியோன் இறங்கி வருகிறான். ஆண்டிகனி சொன்ன அந்தக் கொடூரமான பேச்சு பலித்துவிட்டது.

அவள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாளா என்றால், எனக்கு முழுச் சம்மதம் இல்லை. காரணம் 941-ஆம் வரி. குகைக்குள் உயிரோடு அடைக்க இழுத்துப் போகும்போது அவள் தீப்ஸின் பெரியவர்களைப் பார்த்து, அரச குடும்பத்தில் மிஞ்சிய ஒரே ஒருத்தியான என்னைப் பாருங்கள் என்கிறாள். ஒரே ஒருத்தி! இஸ்மீன் வீட்டுக்குள் உயிரோடு இருக்கிறாள். ஆண்டிகனி கணக்கில் அவள் இல்லவே இல்லை. காப்பாற்றுவதற்காக மட்டும் உதறினாள் என்றால், கிரியோனை இனி ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லாத இந்த இடத்திலும் ஏன் உதறுகிறாள்? 551-ஆம் வரியின் வலியும் உண்மை, 941-இன் மறதியும் உண்மை. இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்க முடிகிறதா என்று எழுதிப் பாருங்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே எழுதலாம்.

இஸ்மீனையும் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். அவள் சொன்ன நியாயங்கள் அத்தனையும் சரி என்றாலும், வெளியே ஓர் உடல் கிடக்கிறது. ஆண்டிகனி கைப்பிடி மண்ணைத் தூவி, வெண்கலக் குடத்திலிருந்து மூன்று முறை நீர் வார்க்கிறாள். குஞ்சில்லாத கூட்டைப் பார்த்த தாய்ப்பறவை மாதிரி அவள் அலறினாள் என்று காவலன் சொல்கிறான். இஸ்மீனுடைய அண்ணனும்தான் அது. அவள் போகவில்லை. பிற்பாடு டைரீசியஸ் வந்து, நாயும் பறவையும் அந்தப் பிணத்தைத் தின்று ஊரின் பலிபீடங்களை எல்லாம் தீட்டாக்கிவிட்டன என்று சொல்லும்போது, இஸ்மீன் தேர்ந்தெடுத்த பாதுகாப்புக்கும் ஒரு விலை இருந்தது தெரிகிறது. உங்களுக்குப் பிடித்தவளைப் பற்றி இதை எழுதுவது கஷ்டமாக இருக்கும். எழுதுங்கள், ஏனென்றால் சாருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருகிற பத்தி அதுதான்.

கதாநாயகியைப் பிடிக்கவில்லை என்றால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாடகத்துக்குள்ளேயே கோரஸ் அவளைக் கண்டிக்கிறது. அப்பனைப் போலவே முரட்டுப் பிறவி, துன்பத்துக்கு வளையத் தெரியாதவள் என்கிறது. உன் சொந்தப் பிடிவாதமே உன்னை அழித்தது என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறது. இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கும் மேலாக மேடையிலேயே நடக்கிற சண்டையில் நீங்களும் சேர்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அவள் கடைசியாகப் பேசுகிற பேச்சில் 904 முதல் 920 வரை படித்துவிட்டீர்களா? கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் இன்னொருவன் வருவான், அப்பா அம்மா இறந்துவிட்டதால் இன்னொரு சகோதரன் பிறக்கப் போவதில்லை என்று சொல்கிற இடம். ஜெர்மன் கவிஞர் கதே இந்த வரிகள் சோஃபோக்கிளீஸ் எழுதியவை இல்லை என்று யாராவது நிரூபித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டார். அரிஸ்டாட்டில் தன் காலத்திலேயே அவற்றை மேற்கோள் காட்டியிருப்பதால் அந்த ஆசை நிறைவேறுவது கஷ்டம். கதேக்கே நெருடிய ஆண்டிகனி உங்களுக்கும் நெருடட்டும்.

அரிஸ்டாட்டில் பெயர் வந்ததால் ஒன்று. நாயகனை வீழ்த்தும் பிழைக்கு அவர் பயன்படுத்திய 'ஹமார்ஷியா' என்ற சொல்லை எங்காவது நுழைத்தால்தான் மதிப்பெண் வரும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அரிஸ்டாட்டில் பிறந்ததே சோஃபோக்கிளீஸ் இறந்து இருபது வருடங்களுக்கும் மேலான பிறகு, கி.மு. 384-இல். அவருடைய 'கவிதையியல்' நூலில் இந்த நாடகம் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, அதுவும் ஹீமோன் அப்பாவைக் குத்தப் பாய்ந்து குத்தாமல் விட்டதற்காக, நன்றாக இல்லாத நாடக உத்திக்கு உதாரணமாக. ஆண்டிகனியின் ஹமார்ஷியா என்ன என்று அவர் சொல்லவே இல்லை. அது கைடு எழுதியவர்கள் சொன்னது. உங்கள் சார் அதைக் கேட்கவில்லை. நீங்களாகப் போய்க் கொடுக்க வேண்டாம்.

இஸ்மீன் உயிர் பிழைத்தது பற்றி. ஆறுதலாக இருந்தது என்று எழுதலாம், ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதையாக. 'தொடாதவளை இல்லை' என்று கிரியோன் சொன்னதோடு சரி. அதற்கப்புறம் நாடகம் முடியும்வரை ஒருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அக்கா தூக்கில் தொங்கிய செய்தியை அவளிடம் யார் சொன்னார்கள், ஹீமோனும் அவன் அம்மா யூரிடிசியும் செத்த பிறகு கிரியோன் தனியாக நிற்கும் அந்த வீட்டில் அவள் எந்த அறையில் இருந்தாள், எதுவும் நமக்குத் தெரியாது. அவள் கொல்லப்படவில்லை என்பது வரை நாடகத்தில் இருக்கிறது. பிழைத்து வாழ்ந்தாள் என்பது உங்கள் ஆசை. அந்த ஆசையை ஆசை என்று சொல்லி எழுதினால் அழகான பத்தி ஒன்று கிடைக்கும்.

கூடுதலாக ஒரு தகவல் தருகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். இஸ்மீன் பற்றிச் சோஃபோக்கிளீஸுக்கு முன் வேறு கதைகள் இருந்தன. மிம்னெர்மஸ் என்ற பழைய கவிஞர் சொன்னதில் டைடியஸ் என்ற வீரன் அவளைக் கொன்றுவிடுகிறான். அந்தக் காட்சியைத் தீட்டிய பானை ஒன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காவோடு தர்க்கம் செய்கிற, பிறகு அவளோடு சாக வருகிற, அப்புறம் மறக்கப்படுகிற இஸ்மீன் சோஃபோக்கிளீஸ் கையில் உருவானவள். அவளை அவரும் மறக்கவில்லை. சுமார் 35 வருடம் கழித்து, தொண்ணூறு வயதை ஒட்டி, 'கொலோனஸில் ஈடிபஸ்' எழுதினார். அவர் இறந்த பிறகு கி.மு. 401-இல் பேரன் அதை மேடையேற்றினார். கதைப்படி அது ஆண்டிகனி நாடகத்துக்கு முந்தைய காலம். குருட்டு அப்பா ஈடிபஸும் ஆண்டிகனியும் வேற்று ஊரில் அநாதையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் குதிரை மேல் ஒரு பெண், வெயிலுக்கு அகலமான தொப்பி முகத்தை மறைக்கிறது. யாரென்று ஆண்டிகனிக்கு முதலில் தெரியவில்லை. அப்புறம் 'இஸ்மீன்!' என்கிறாள். தீப்ஸிலிருந்து தனியாக, ஒரே ஒரு வேலையாளோடு, அப்பாவைத் தேடி வந்திருக்கிறாள். இதற்கு முன்பும் ஊருக்குத் தெரியாமல் செய்தி கொண்டுவந்து கொடுத்தவள் அவள் என்று ஈடிபஸ் சொல்கிறார். பெற்றவர்களுக்காகப் படுகிற பாட்டைப் பாடென்று எண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டு, தேவதைகளுக்குச் செய்ய வேண்டிய சடங்கைச் செய்யவும் அவளே போகிறாள். வீட்டில் தங்கியவள் ஒன்றும் செய்யாதவள் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைப் படிக்க வேண்டும். இதை உங்கள் பக்கங்களில் சேர்க்க வேண்டியதில்லை. உங்கள் சார் படிக்கச் சொன்னது ஒரு நாடகம்தான். உங்களுக்காகப் படியுங்கள்.

இனி வீட்டுக் கதை. உங்கள் கடிதத்தில் இதைக் கேட்கத்தான் அதிகம் தயங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் வீடு இந்த வாசிப்புக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. கடிதத்தில் 'தங்கை இஸ்மீன்' என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் அந்தப் போக்கிலேயே அக்கா, தங்கை என்று எழுதிவந்தேன். இவர்களில் யார் மூத்தவள் என்று இந்த நாடகம் சொல்வதில்லை. இன்னொரு கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் பின்னாளில் எழுதிய வேறொரு நாடகத்தில்தான் ஆண்டிகனி மூத்தவள் என்று வருகிறது. நீங்கள் தங்கை என்பதால் இஸ்மீனையும் தங்கையாக்கிக்கொண்டீர்கள். இதில் தப்பே இல்லை. ஆனால் இதைக் கண்டுபிடித்து எழுதுவது, இதைத் தெரியாமல் எழுதுவதை விட நல்லது.

எவ்வளவு எழுதுவது? உங்கள் சார் நல்லவராகவே இருக்கட்டும். கட்டுரை அவர் மேஜையில் கிடக்கும், வகுப்பில் வாசிக்கவும் சொல்லலாம். உங்கள் வருத்தம் உங்களுடையது, அதை எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அக்காவின் கல்யாணமும் அதில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதும் அக்காவுடையது. 'எங்கள் வீட்டிலும் கூடப்பிறந்த இரண்டு பேர் பேசாமல் இருக்கிறோம். நீ யார் பக்கம் என்ற கேள்வி என்னிடமும் வந்திருக்கிறது' என்கிற அளவில் ஒன்றிரண்டு வாக்கியம் போதும். இதற்கு மேல் ஒரு வரி எழுதத் தோன்றினால், இந்த வரி நாடகத்தின் எந்த வரியை இன்னும் நன்றாகப் புரியவைக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் அது டைரிக்குப் போகட்டும். டைரியில் தாராளமாக எழுதுங்கள்.

அப்பாவைக் கிரியோன் ஆக்கிவிடாதீர்கள். எழுதும்போது கை அங்கே போகும். கிரியோன் ஒரு போரை முடித்துவிட்டு, ஊருக்கு எதிராகப் படையோடு வந்தவன் பிணத்தின் மேல் ஆணை போடுகிற ஆட்சியாளன். ஏதென்ஸிலும் துரோகிகளை நாட்டு எல்லைக்குள் புதைக்க அனுமதி கிடையாது. பார்வையாளர்களில் பலர் அவன் முதல் பேச்சுக்குத் தலையாட்டியிருப்பார்கள். உங்கள் அப்பா விஷயம் வேறு. ஒப்புமை எங்கே உடைகிறது என்று எழுதும்போது உங்களுக்கே சில விஷயம் புலப்படும். உதாரணத்துக்கு ஒன்று: 581-ஆம் வரிக்குப் பிறகு அந்த இருவருக்கும் பேசிக்கொள்ள வாய்ப்பே தரப்படவில்லை. ஒருத்தி குகைக்கு, ஒருத்தி வீட்டுக்குள். உங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் அப்படி ஒரு கற்சுவரை யாரும் எழுப்பவில்லை. அக்காவிடம் பேசுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது, நான் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறவள். மனது ரொம்பவும் கனத்தால் நம்பிக்கையான ஒருவரிடம், கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம், கட்டாயம் பேசுங்கள். ஐந்து பக்கக் கட்டுரை மேல் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

'நான்' என்று தாராளமாக எழுதலாம். உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டவருக்கு 'வாசகருக்குத் தோன்றுகிறது' என்று பதில் எழுதினால்தான் விசித்திரமாக இருக்கும். ஆனால் 'நான் நினைக்கிறேன்', 'எனக்குத் தோன்றுகிறது' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் போட வேண்டாம். முதல் பத்தியில் புத்தகத்தை மூடிய இடத்தைச் சொல்லுங்கள், எந்த வரி என்பதோடு. ஆண்டிகனி சுயநலக்காரி என்று அங்கேயே தீர்ப்பு எழுதாதீர்கள். இஸ்மீன் கேட்டது பழியில் ஒரு பங்கு, அதைக்கூட அவள் கொடுக்க மறுத்தாள் என்று நடந்ததை எழுதினால், படிப்பவருக்கே கோபம் வரும். அப்புறம் மூடிய புத்தகத்தைத் திறந்தபோது 551-இல் என்ன இருந்தது என்று போங்கள். 941-க்கு எப்போது வருவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். நான் எழுதினால் கடைசியில் வைப்பேன், நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

வரி எண் போடாத மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்வது சிரமம். கல்லூரி நூலகத்தில் ஓரத்தில் வரி எண் அச்சிட்ட பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால், இஸ்மீன் பேசும் வரிகளை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதிப் பாருங்கள். அதிகம் இருக்காது, ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். 572-ஆம் வரிக்கு வரும்போது அடிக்குறிப்பைப் பாருங்கள். 'அன்பான ஹீமோனே, உன் அப்பா உன்னை எப்படி அவமதிக்கிறார்!' என்ற அந்த வரியைக் கையெழுத்துப் பிரதிகள் இஸ்மீனுக்குக் கொடுக்கின்றன, பிற்காலப் பதிப்பாசிரியர்கள் சிலர் பிடுங்கி ஆண்டிகனிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரதிகள் சொல்வது சரி என்றால், ஆண்டிகனி தனக்கு நிச்சயித்தவன் பெயரை நாடகம் முழுக்க ஒருதடவைகூடச் சொல்லவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசியவள் இஸ்மீன்தான். உங்கள் பதிப்பில் அந்த வரி யாருடையது என்று பார்த்துவிட்டு, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.